நிதானமாகச் சொன்ன செய்தி

அவர் பால்கனியில் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார், தலையில் ஹெல்மெட்டோடு. நகம் தெறித்துக் கண்ணில் விழுந்துவிடும், கண்ணாடியாவது போட்டுக்கொள்ளுங்கள் என்றுதான் மனைவி சொன்னாள். "கண்ணாடி எதுக்கு? முழுசா மூடிடறேன். உனக்குப் பயமில்லாம இருக்கட்டும்" என்று உள்ளிருந்து சிரித்தார். இடது கால் முடிந்து, வலது காலில் மூன்று விரல் ஆகியிருந்தது.

அவள் அச்சகத்தில் பிழை திருத்துபவள். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள்கள்தான் அவள் வேலை. தலைசுற்றல், நாவறட்சி, மிக அரிதாக மரணம். பயம் பிறவியிலேயே வந்தது. அச்சகம் அதற்குச் சொற்களைக் கொடுத்தது, அவ்வளவுதான். கணவர் குளியலறையில் பாட்டைப் பாதியில் நிறுத்தியதற்காக ஒரு தடவை, போனை எடுக்காததற்காக ஆறு தடவை, "உங்கண்ணன் போயிட்டார்" என்று கொழுந்தனிடம் அலறியிருக்கிறாள். பொறுத்துப் பார்த்துவிட்டு அவனே ஒரு வழி சொன்னான்: "அண்ணி, நூறுலேருந்து பின்னாடி எண்ணுங்க. பூஜ்யம் வந்தப்புறமும் அண்ணன் செத்திருந்தா கூப்பிடுங்க."

அன்று எண்ணவில்லை. நகவெட்டி கீழே விழுந்த சத்தம் கேட்டதும் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, கீழ்வீட்டு டாக்டரை இழுத்துக்கொண்டு வந்தாள். டாக்டர் ஹெல்மெட்டைக் கழற்றினார்; நாடி பார்த்தார்; மார்பை அழுத்தினார்; வெகுநேரம் அழுத்தினார். "முடிஞ்சுபோச்சும்மா. யாரையாவது வரச்சொல்லுங்க" என்றார்.

யாராவது என்றால் கொழுந்தன்தான். வேறு ஆள் கிடையாது. போன் போட்டாள்.

அச்சகத்தில் ஒருவர் மூலத்தை வாசிக்க, இன்னொருவர் அச்சைச் சரிபார்ப்பார். வாசிப்பவர் குரலில் ஏற்ற இறக்கம் கூடாது. அந்தக் குரல்தான் வந்தது அவளுக்கு.

"தம்பி, உங்கண்ணன் இறந்துட்டார். பால்கனியில. பத்தேகால் மணிக்கு."

"அண்ணி! என்ன இவ்வளவு நிதானமா பேசறீங்க?"

"இறந்துட்டார்."

"அழுகை இல்ல, மூச்சு வாங்கல. நல்ல முன்னேற்றம்! எண்ணினீங்களா?"

"டாக்டர் பார்த்தாச்சு. ஹெல்மெட்டைக் கழட்டிட்டுதான் பார்த்தார்."

"வீட்டுக்குள்ள ஹெல்மெட்டா?" விழுந்து விழுந்து சிரித்தான். பக்கத்திலிருந்த யாரிடமோ, "எங்கண்ணி ஜோக்கெல்லாம் அடிக்கிறாங்கப்பா" என்றான்.

அலறினால் எண்ணச் சொல்வான். அலறாவிட்டால் பாராட்டுகிறான். என்னதான் செய்வாள்?

"சரி, எண்ணறேன். வெச்சுடாதீங்க, கேளுங்க" என்றாள்.

நூறு. தொண்ணூற்றொன்பது. ஒவ்வொன்றாக, விட்டுப்போகாமல். எண்பதுவரை அவன் சிரித்துக்கொண்டிருந்தான். எழுபதில், "அண்ணி, போதும், விளையாடாதீங்க" என்றான். ஐம்பதில் அங்கே நாற்காலி நகரும் சத்தம். இரண்டு. ஒன்று. பூஜ்யம்.

"இப்பவும் இறந்துதான் இருக்கார், தம்பி."

"வரேன்" என்றான்.

அப்போதுதான் அவள் குரலில் ஏற்ற இறக்கம் வந்தது. "பைக்ல வராதீங்க. லாரியெல்லாம் கண்ணு மண்ணு தெரியாம வருது. ஆட்டோல வாங்க. ஓரமா உட்காராதீங்க."

ஆட்டோவில்தான் வந்தான். வந்த வேகத்தில் போனை எங்கோ வைத்துவிட்டு, ஆட்களுக்குச் சொல்ல வேண்டுமென்று அழுதுகொண்டே தேடினான். அவள் தன் போனிலிருந்து அதற்கு அடித்தாள். செருப்பு வைக்கும் இடத்தில் ஒலித்தது. குனிந்து எடுத்தாள். திரையில் அவளுடைய எண்ணுக்கு மேலே பெயர் இருந்தது: 'அவசரமில்லை'.

அவனிடம் கொடுத்தாள். இன்றுவரை அவன் அதை மாற்றவில்லை.