பட்டினி கிடக்கும் செல்கள்

1.

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. கோபம் என்னுடையதல்ல, ஆய்வகத்தில் செல்களை வளர்க்கும் என் தங்கையுடையது. அவள் ஆராயும் நொதியை வில்லனாக்கி நான் எழுதிய முதல் வரி:

‘செல்லின் ஓரமாக அந்தக் கொலைகாரன் பதுங்கிப் பதுங்கி…’

படித்ததும் பொரிந்து தள்ளிவிட்டாள்.

“அக்கா, அது கொலைகாரன் இல்ல. சாப்பாடு வந்தாச்சுன்னு உள்ள தகவல் சொல்ற ஆளு. அவ்வளவுதான்.”

(பெயர் லிப்பிட் கைனேஸ். செல்லைச் சுற்றியுள்ள சவ்வின் கொழுப்பில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவைக்கும். அந்த அடையாளத்தைப் பார்த்துப் புரதங்கள் கூடும். செல் வளரத் தொடங்கும்.)

“அப்ப புற்றுநோய் எப்படி வருது?”

“சாப்பாடே வராதப்பவும் வந்தாச்சு வந்தாச்சுன்னு கத்திட்டே இருந்தா? செல்லும் நம்பி வளந்துட்டே இருக்கும்.”

சரி, வில்லன் கைவிட்டுப் போனான்.

2.

வேறு ஆள் கிடைத்தார். தங்கையின் அடுத்த மேஜைக்காரர். தங்கமான மனிதர், அதுதான் வினை.

தங்கையின் மூன்று வருட உழைப்பு ஒரு சோதனையில் நின்றது. சாதாரண செல்களையும் நோயுற்ற செல்களையும் ஒரு நாள் பட்டினி போட வேண்டும். சாதாரணவை அடங்கிவிட வேண்டும், நோயுற்றவை மட்டும் கத்த வேண்டும். அப்படி வந்தால்தான் பட்டம்.

இரண்டுமே கத்தின. தங்கை அழுதேவிட்டாள்.

மேஜைக்காரர் பதறிப்போய் வந்தார். “நேத்து மைக்ராஸ்கோப்ல பாத்தேங்க. உங்க செல்லெல்லாம் வாடிக் கெடந்துச்சு. மறந்துட்டீங்கபோலன்னு நான்தான் தீனி ஊத்தினேன்.”

(இவரைத் திட்டி ஒரு பத்தி எழுதி, அடித்துவிட்டேன். செல்கள் வளரும் தட்டின் மேல் ‘பட்டினி’ என்று எழுதிவைக்காதது எங்கள் வீட்டுப் பெண்தானே!)

3.

முடிவு ஒன்று: மறுபடி செய்தாள். சாதாரண செல்கள் கப்சிப். ஆய்வகமே கைதட்டியது…

“அக்கா, அத அடி. ஒரு தடவ வந்தா அதிர்ஷ்டம். மூணு தடவ வந்தாதான் முடிவு.”

இரண்டாம் முறையும் வந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அவளோ சிரிக்கக்கூட மாட்டேன் என்கிறாள். மூன்றாவது தட்டு இப்போது அடைகாப்புப் பெட்டியில் இருக்கிறது. நாளை தெரிந்துவிடும்.

எனவே நான் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். தட்டை உங்கள் பொறுப்பில் விடுகிறேன், வாசகரே. செல்கள் வாடித்தான் தெரியும், பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும். உங்களுக்கும் நல்ல மனசுதான், தெரியும். தயவுசெய்து நாளைவரை எதையும் ஊற்றிவிடாதீர்கள்.