கதவைத் திறந்தால் பள்ளம்

இருபத்திரண்டு வருடமாக ஓர் இன்ஜினீயர் அலுவலகத்தில் கட்டட வரைபடம் போடுவதுதான் அவர் பிழைப்பு. எல்லோருக்கும் அவர் பிளான்காரர். அவர் வரைந்த வீடுகளில் எத்தனையோ குடும்பங்கள் குடியிருந்தன. ஆனால் ஒரு செங்கல்லைக்கூட அவர் தன் கையால் எடுத்து வைத்ததில்லை. வெளிநாட்டில் ஒரு மலையோரக் கிராமத்துக்குப் பள்ளிக்கூடம் கட்டும் தொண்டு அமைப்பு, காசு வாங்காமல் ஒரு பிளான் போட்டுத் தர முடியுமா என்று கேட்டது. ஒரே வாரத்தில் போட்டுக் கொடுத்தார். சில மாதம் கழித்து, கட்டுமான வேலைக்கும் ஆள் தேவை, வருகிறீர்களா என்று போன் வந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் அக்கா போனைப் பிடுங்கிவிட்டாள்.

"வருவான். நானும் வரேன்."

அக்கா ஓய்வுபெற்ற நர்ஸ். எந்த ஊருக்குப் போனாலும் பாஷை ஒரு பிரச்சினையே இல்லை அவளுக்கு. எல்லா ஊரிலும் தமிழிலேயே பேசுவாள்.

இரண்டு விமானம், ஒரு பஸ், கடைசியில் ஒரு டிராக்டர். போய் இறங்கியபோது சுவர்கள் கூரை மட்டத்துக்கு எழும்பி நின்றன. பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் பிளான்காரர் கட்டடத்தைச் சுற்றி வந்தார். மேற்குப் பக்கம் திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார்.

கதவு இருந்தது. நீலப் பெயிண்ட் அடித்து, அவர் வரைந்த இடத்தில் அங்குலம் பிசகாமல் இருந்தது. ஆனால் தரை அதற்கு ஓர் ஆள் உயரம் கீழே கிடந்தது. கதவைத் திறந்து காலை வைத்தால் நேரே பள்ளம்தான்.

வெளியூர்க்காரர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் நடுவே, ஆங்கிலம் தெரிந்த தலைமையாசிரியைதான் மொழிபெயர்ப்பாளர். அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"தப்பா நினைக்காதீங்க. இந்தக் கதவு வழியா பிள்ளைங்க எப்படி உள்ள போகும்? நாங்களும் ரெண்டு மாசமா யோசிக்கிறோம். வெளிநாட்டு பிளான், ஏதோ புது முறையா இருக்கும்னு கட்டிட்டோம்."

பிளான்காரர், அமைப்பு முதலில் அனுப்பியிருந்த இடத்தின் குறிப்புப் படத்தைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தார். மேற்கே ஓர் அம்புக்குறி. சரிவு இறங்கும் திசை அது. அதை அவர் பிள்ளைகள் வரும் பாதை என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்! படிக்கட்டு பிறகு வரும் என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது.

"டேய், உன் முழியே சரியில்லையே," என்றாள் அக்கா. "என்ன பண்ணித் தொலைச்ச?"

அவர் பொய்யை விழுங்கினார். "தப்பு என்னோடதுதான். பள்ளம் இருக்கிற பக்கத்தைப் பாதைனு நான் தப்பா புரிஞ்சுக்கிட்டேன். இவங்க மேல ஒரு தப்பும் இல்ல."

தலைமையாசிரியை அதை ஊர் பாஷையில் சொன்னாள். அங்கே வேலையை நடத்திவந்த கொத்தனாரம்மா, முழங்கைவரை சிமெண்ட் அப்பியிருந்தவள், அப்படியே மணல் குவியலில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

"என்ன சொல்றாங்க?" என்றார் பிளான்காரர் பயத்தோடு.

"தனக்குத்தான் புத்தி மட்டுனு நினைச்சு ரெண்டு மாசமா சோறே இறங்கலையாம். இப்பதான் உயிர் வந்துச்சாம்!"

கூட்டமே சிரித்தது. அவருக்கும் அடக்க முடியவில்லை.

அன்று முழுக்க டேப்பும் கையுமாகச் சுற்றினார். மேட்டுப் பக்கம் மூன்று ஜன்னல்கள் இருந்தன. நல்ல வேளை, கதவுக்கும் ஜன்னலுக்கும் ஒரே அகலம் வைத்திருந்தார். ஒரு ஜன்னலுக்குக் கீழே சுவரை எடுத்தால் வாசல். பழைய வாசலில் இடுப்பளவு சுவர் வைத்தால் ஜன்னல். சிமெண்ட் மூட்டைக் காகிதத்தில் வரைந்து கொத்தனாரம்மாவிடம் நீட்டினார். அவள் பார்த்தாள், பென்சிலை வாங்கினாள், அவர் காட்டிய மூலை ஜன்னலை அடித்துவிட்டு நடு ஜன்னலைச் சுற்றி வட்டம் போட்டாள். மலையிலிருந்து இறங்கும் மழைத் தண்ணீர் அந்த மூலை வழியாகத்தான் ஓடுமாம். அது அவர் மூளைக்கு எட்டவே இல்லை.

"சரிதாங்க, நீங்க சொல்றதுதான்," என்றார் தமிழில். அவள் உளியையும் சுத்தியலையும் அவர் கையில் திணித்தாள்.

நான்கு நாள் பாடு. முதல் நாளே கட்டைவிரலில் ஒரு போடு போட்டுக்கொண்டார். அக்கா கட்டுப்போட்டபடி, "இவ்வளவு வருஷம் பென்சில் மட்டும் பிடிச்ச கை. செல்லம் கொடுத்து கெடுத்து வச்சிருக்க," என்றாள். அவர் வைத்த செங்கல் வரிசையைக் கொத்தனாரம்மா நூல் பிடித்துப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள், பிரித்துப் போட்டாள். மறுபடி வைத்தார். மூன்றாம் தடவை அவள் ஒன்றும் சொல்லாமல் அடுத்த வேலைக்குப் போனாள். பரிசு வாங்கியதுபோல் இருந்தது அவருக்கு.

கூரை போட்டு, நீலக் கதவை இடம் மாற்றி மாட்டிய மறுநாள் பிள்ளைகள் வந்தார்கள். நாற்பது பேரும் ஒரே ஓட்டமாக உள்ளே நுழைந்தார்கள். முன்பு வாசலாக இருந்த ஜன்னல் வழியாகப் பள்ளத்தாக்கு முழுதும் தெரிந்தது. அதன் பக்கத்தில் யார் உட்காருவது என்று முதல் மணி அடிப்பதற்குள் இரண்டு சண்டை.

தலைமையாசிரியை அவரைத் தனியே அழைத்தாள். "மேல இருக்கிற ஊர்லயும் பள்ளிக்கூடம் வேணுமாம். பிளான் நீங்கதான் போடணும்னு கொத்தனாரம்மா சொல்றாங்க. ஆனா இடத்தை நேர்ல பார்த்துட்டுத்தான் போடணுமாம்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"எப்பப் போறோம்?"