முட்டை பார்க்கப் போனார்கள்

"இழு டெஸ், நல்லா இழு."

படகுத்துறைப் பலகையில் அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். குளிர்நீரில் முக்குளிக்கப் போடும் உடையின் ஜிப் தோளிலிருந்து தோள்வரை முதுகில் குறுக்கே ஓடும். போட்டிருப்பவரால் மூட முடியாது. இத்தனை வருடமும் அதை மூடியவர் அப்பா. அவரைப் புதைத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

"அம்மா, அடக்கத்துக்கு வந்தவங்க எல்லாரும் ஹால்ல உனக்காகக் காத்திருக்காங்க."

"சாண்ட்விச்சுக்காகக் காத்திருக்காங்க. திங்கட்டும்."

சரிவில் ஆல்டன் மூச்சிரைக்க இறங்கி வந்தார். அப்பாவின் அண்ணன்.

"பைத்தியமா மார்னி உனக்கு? என் தம்பியக் கொன்ன தண்ணி அது!"

"தண்ணி கொல்லல. நெஞ்சு நின்னுச்சு. டிவி பாத்துட்டிருந்தாலும் நின்னிருக்கும். அப்போ டிவியத் திட்டுவியா?"

"இன்னிக்கு ஒரு நாளாவது..."

"அந்த விலாங்கு ஜோடி முட்டை போட்டிருச்சான்னு பாக்கத்தான் உன் தம்பி அன்னிக்கு எறங்குனான். பொந்துகிட்ட போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. நான்தான் மேல இழுத்துட்டு வந்தேன், நீ இல்ல. நான் போய்ப் பாக்கறேன்."

"தனியாவா?"

டெஸ் ஜிப்பைப் பிடித்து ஒரே இழுப்பில் மூடினாள். பிறகு வண்டிக்குப் போய்த் தன் உடையை மாட்டிக்கொண்டு வந்தாள். அவள் முதுகு ஜிப்பை அம்மா மூடினாள்.

தண்ணீருக்குள் உதட்டைக் குளிர் கடித்தது. பச்சை இருட்டில் பாறைச் சுவரை ஒட்டி இறங்கினார்கள். வெள்ளைக் கடல் சாமந்திகள் அசைந்துகொண்டிருந்தன. பொந்துக்கு முன்னால் அம்மா விளக்கைத் தணித்தாள்.

உள்ளே இரண்டு ஓநாய் விலாங்குகள். சுருக்கம் விழுந்த சாம்பல் நிற முகங்கள். ஒன்றையொன்று சுற்றிக் கிடந்த உடல்களுக்கு நடுவே பந்து மாதிரி முட்டைத் திரள். ஆண் தலையை நீட்டி முறைத்தது. அம்மா நகரவில்லை. முகக்கண்ணாடிக்குள் அவள் கண்களை டெஸ் பார்க்கவில்லை, காற்று அளவுமானியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காற்று குறைந்ததும் அம்மாவின் கையைத் தொட்டாள்.

மேலே வந்தபோது ஹாலில் இருந்தவர்கள் எல்லாரும் கறுப்புக் கோட்டுகளோடு துறையில் நின்றிருந்தார்கள்.

"முட்டை இருக்கு," என்றாள் அம்மா.

ஆல்டன் குனிந்து கையை நீட்டினார். அவள் அதைப் பிடிக்கவில்லை. முதுகில் சிலிண்டரோடு, ஏணியைப் படிப்படியாகப் பற்றி ஏறினாள். உடையிலிருந்து வழிந்த தண்ணீர் அவருடைய பாலிஷ் போட்ட காலணிகளை நனைத்தது. அவர் காலை நகர்த்திக்கொள்ளவில்லை.