விலத்தச் சொன்ன வாசல்

எனக்கு மனிசரைப் படம் பிடிச்சு அலுத்துப் போச்சு. முப்பது வருசமா அதுதானே தொழில். கலியாணவீட்டிலை மாப்பிள்ளை சிரிக்கமாட்டான், செத்தவீட்டிலை ஆரும் ஒருத்தன் பல்லைக் காட்டிக்கொண்டு நிப்பான். அதாலை குருநகரிலை இருந்த காலத்திலை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்ச கையோடை கமராவையும் மனிசி மார்கிரட்டையும் காரிலை ஏத்திக்கொண்டு தென்மராட்சிக் கிராமங்கள் பக்கம் வெளிக்கிட்டிடுவன். மாமனார் தந்த கறுத்த ஒஸ்ரின் கார். ஒரு கதவு மட்டும் சிவப்பு, அது வேறை காரின்ரை கதவு.

மாட்டுக்கொட்டில், வண்டில் விடுற கொட்டகை, இடிஞ்ச மடம், புகையிலைக்குப் புகை போடுற மண்கொட்டில், பழசாக் கிடக்கிற எல்லாத்தையும் எடுப்பன். கட்டிடம் கண்ணைச் சிமிட்டாது. "என்னை வெள்ளையாக்கித் தாங்கோ" எண்டு கேக்காது. மார்கிரட் காருக்குள்ளை இருந்து கச்சான் கடலை உடைச்சுச் சாப்பிட்டுக்கொண்டு, "உங்களுக்கு விசர்தான்" எண்டுவா.

எனக்கு ஒரு பிடிவாதம். அந்தப் படங்களுக்குள்ளை ஆள் நிக்கக்கூடாது. ஆரும் நிண்டால் பத்திக்கொண்டு வரும். "விலத்தும், அங்காலை விலத்தும்" எண்டு கத்துவன். சனமும் பாவம், பேசாமல் விலத்துவினம்.

தொண்ணூறிலை செல்லடி தாங்கேலாமல் ஸ்ரூடியோவைச் சாவகச்சேரிக்குக் கொண்டுவந்திட்டன். தொண்ணூற்றிமூண்டிலை ஒரு காலமை ஒரு பொம்பிளை வந்து, "வெளியிலை நிக்கிற சிவப்புக் கதவுக் கார் ஆற்றை?" எண்டு கேட்டா. முப்பத்தைஞ்சு வயசிருக்கும். நெத்தியிலை பெரிய குங்குமப் பொட்டு.

"என்ரைதான். ஏன் பிள்ளை, இடிச்சுப்போட்டியோ?"

அவ சிரிக்கேல்லை. பேர் குணலட்சுமி, ஊர் கொடிகாமத்துக்குத் தெற்காலை எண்டு சொன்னா. "எண்பத்தெட்டு மாசியிலை எங்கடை புகையிலைக் கொட்டிலைப் படம் எடுத்தனீங்கள் அண்ணை. நான் குசினிக்குள்ளை நிண்டனான். காரை வடிவா ஞாபகம். கொட்டில் வாசல்லை என்ரை அவர் நிண்டவர். பஞ்சலிங்கம். அந்தப் படம் எனக்கு வேணும்."

கதையைச் சொன்னா. நான் படம் எடுத்து மூண்டாம் நாள், மனிசன் புகையிலைக் கட்டைச் சைக்கிளிலை வைச்சுக்கொண்டு சந்தைக்குப் போனவர், திரும்பி வரேல்லை. ஆர் கொண்டுபோனது எண்டு ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. அடையாள அட்டையும் அவரின்ரை சட்டைப் பையோடை போச்சு. காணாமல் போனவையைப் பதியிற இடத்திலை முதல் கேள்வியே, படம் இருக்கோ எண்டுதானாம்.

"கலியாண அல்பம் இல்லையோ?" எண்டு கேட்டன்.

"எரிச்சுப்போட்டன்."

அவவின்ரை தம்பிதான் கலியாணத்திலை மாப்பிள்ளைத் தோழன். பேந்து அவன் இயக்கத்துக்குப் போயிட்டான். ஆமிக்காரரின்ரை சுற்றிவளைப்பிலை அவன்ரை முகம் வீட்டிலை ஆம்பிட்டால் எல்லாருக்கும் ஆபத்து எண்டு, அவ அல்பத்தை அடுப்பிலை போட்டிருக்கிறா.

"தோழன் மாப்பிள்ளையை விட்டு விலத்தமாட்டான்தானே அண்ணை. ஒவ்வொரு படத்திலையும் இரண்டு பேரும் பக்கத்திலை பக்கத்திலை. தம்பியை எரிக்க இவரும் எரிஞ்சு போனார்."

ஆளை ஞாபகம் வந்திட்டுது. சாரம், தலையிலை சுத்தின சால்வை, கையிலை சுருட்டு. என்ரை கமராவைக் கண்டிட்டு சால்வையை அவிட்டு ஒழுங்காச் சுத்திக்கொண்டு, சிரிச்ச முகத்தோடை வாசல்லை நிண்ட மனிசன். நான் என்ன சொன்னனான்? "உம்மையில்லை ஐசே, கொட்டிலைத்தான் எடுக்கிறன். விலத்தும்." அவர் வெக்கப்பட்டு விலத்திப் போனார். அதை அவவுக்குச் சொல்ல எனக்குத் துணிவு வரேல்லை. "தேடிப் பாக்கிறன், வெள்ளிக்கிழமை வா" எண்டு அனுப்பிவிட்டன்.

அண்டு மத்தியானம் சாப்பிடாமல் படங்கள் போட்டு வைச்ச பிஸ்கற் தகரப் பேணியைக் கவிட்டுப் பரப்பினன். முப்பத்தொரு கட்டிடம். இவ்வளவு நாளும் சுத்தமான படங்கள் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தனான். பூதக்கண்ணாடி வைச்சுப் பாத்தால் ஒண்டும் சுத்தமில்லை. கிணத்தடியிலை இப்பத்தான் வைச்ச வாளி, தண்ணி இன்னும் தளம்புது. மாட்டுக்கொட்டிலுக்குள்ளை பாதி அவிட்ட வைக்கல் கட்டு. மடத்துத் தூணிலை சாத்தின சைக்கிள், ஆள் இல்லை. எல்லாத்திலையும் ஆரோ இப்பத்தான் விலத்தின மாதிரி. விலத்தினவையிலை எத்தினை பேர் இப்ப இருக்கினம்?

கொட்டில் படத்திலை வாசல் வெறுமையாத்தான் கிடந்தது. கூரையாலை புகை போகுது. இடப்பக்கக் கரையிலை, நிலத்திலை மட்டும், ஒரு நிழல்.

வெள்ளிக்கிழமை அவ வர, உண்மையைச் சொல்லிப்போட்டன். "நான்தான் பிள்ளை அவரைக் கலைச்சனான். அதுதான் முகம் இல்லை." ஏச்சு விழும் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவ படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடிச்சு, "உது அவர்தான். சால்வையை உப்பிடித்தான் சுத்துவார்" எண்டு நிழலை விரலாலை தடவினா. பேந்து கேட்டா.

"நீங்கள் சொன்னபடியாத்தானே விலத்தினவர்?"

"ஓம்."

"அப்ப நீங்களே வரச்சொல்லுங்கோ."

விசர்க்கதை கதையாதை எண்டு சொல்ல வாயெடுத்தனான். பேந்து போய் அலுமாரியைத் திறந்தன். சாமான் வரவிடாத தடையாலை பிலிமுக்கும் பெற்றோலுக்கும் தவம் கிடந்த காலம். ஒரு கலியாணவீட்டுக்கெண்டு ஒளிச்சு வைச்சிருந்த கடைசிச் சுருளைக் கமராவிலை போட்டன். காருக்கு ரெண்டு சொட்டுப் பெற்றோல் காட்டி ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயிலை இருமி இருமிப் போய்ச் சேர்ந்தம். மார்கிரட் கச்சான் கொண்டுவரேல்லை. செபமாலையைத்தான் பிடிச்சுக்கொண்டிருந்தா.

கொட்டில் கூரை ஒரு பக்கம் சரிஞ்சு இருந்திட்டுது. அஞ்சு வருசமா அதுக்குள்ளை புகையிலை தொங்கேல்லை. ஆனால் குணலட்சுமி தேங்காய்ப் பொச்சுமட்டை அடுக்கி நெருப்பு மூட்டினா. "புகை இல்லாட்டி அவருக்கு இஞ்சை என்ன வேலை, என்னெண்டு வருவார்?" எண்டா. பின்னேரம் நாலு மணி. அண்டைக்கு நான் நிண்ட அதே வேலியடியிலை போய் நிண்டன். புகை வாசலாலை வந்து வளைஞ்சுது.

கமராவைக் கண்ணிலை வைச்சுக்கொண்டு கூப்பிட்டன். "தம்பி, வாரும். வந்து வாசல்லை நில்லும்." என்ரை குரல் எனக்கே கேக்கேல்லை.

"அண்டைக்குக் கத்தின மாதிரிக் கத்துங்கோ" எண்டா அவ.

கத்தினன். பக்கத்திலை நிண்டு அவ மெல்லமா, "சுருட்டைப் போட்டிட்டு வாங்கோப்பா" எண்டா. நான் கமராப் பொத்தானை அமத்தினன்.

என்ரை கமராவிலை ஒரு குணம். படம் விழுகிற அந்தக் கணத்திலை உள்ளுக்கை கண்ணாடி மேலை எழும்பும், பாக்கிற கண்ணுக்கு ஒரே இருட்டு. என்ன விழுந்தது எண்டு எடுத்தவனுக்கே தெரியாது. முப்பது வருசமா அதைப்பற்றி நான் யோசிச்சதில்லை.

"வந்தவரோ?" எண்டு கேட்டா.

"பிலிமைக் கழுவினால்தான் தெரியும்."

கழுவ மருந்து இல்லை, அது சத்தியமான உண்மை. வெள்ளிக்கு வெள்ளி அவ வந்து கேக்க, நான் இல்லை எண்டுவன். போன மாசம் கிளாலிக் கடலாலை வள்ளத்திலை வந்த ஒருத்தர் மருந்துப் பக்கற்றைக் கொண்டுவந்து தந்தார். அது அலுமாரிக்குள்ளை, பிலிம் சுருளுக்குப் பக்கத்திலை கிடக்குது. மார்கிரட் ஏன் கழுவேல்லை எண்டு ஒருக்காத்தான் கேட்டா. எனக்குப் பயம். வாசல் வெறுமையாக் கிடந்தால் அந்தப் பிள்ளை தாங்காது. அவர் நிண்டால், அவர் உயிரோடை இல்லை எண்டுதானே அர்த்தம்.

இந்த வெள்ளியும் வந்தா, அதே பொட்டோடை. "மருந்து வந்ததோ அண்ணை?"

"இன்னும் இல்லைப் பிள்ளை."

"அவசரமில்லை" எண்டா. போகேக்கை என்ரை கடை வாசல்லை நிண்டு, உள்ளுக்கை வாற ஆருக்கோ வழி விடுற மாதிரி ஒருபக்கம் விலத்தி, கொஞ்சம் பொறுத்துப் பாத்துப்போட்டு, பேந்துதான் தான் வெளியிலை இறங்கினா. நான் கதிரையை விட்டு எழும்பி நிண்டன்.