நான்காம் வரியில் ஒரு நிறுத்தம்

சேர்ந்திசையில் மூன்றாம் குரலுக்கான பாட்டை மாஸ்டர் பதிவு செய்துகொண்டிருந்தபோது அவர் மனைவி கதவைத் திறந்து தலையை நீட்டினாள். கைப்பேசி புத்தக அடுக்கில் சாய்ந்திருந்தது. அவர் சுவரைப் பார்த்து நின்று நான்காம் வரியைப் பாடிக்கொண்டிருந்தார். சத்தம் விழக்கூடாதென்று அவள் சைகையிலேயே கேட்டாள்: டார்ச்சுக்குப் பேட்டரி, பெரியதா, சின்னதா?

அவருக்கு ஞாபகம் வரவில்லை. சுரத்தை விடாமல் இழுத்துக்கொண்டே கண்ணை மேலே உருட்டி யோசித்தார். பிறகு சுண்டுவிரலைக் காட்டிவிட்டு வரியை முடித்தார்.

"நல்ல நேரம் பார்த்து வந்தே" என்றார், பாட்டு முடிந்ததும்.

"இன்னொரு தடவை பாடிடுங்களேன்."

"ஒரு இடம் கொஞ்சம் நீண்டுடுச்சு, அவ்வளவுதானே. யாருக்குத் தெரியப்போகுது? நீ கடைக்குப் போயிட்டு வா."

அவள் பேட்டரியோடு திரும்பியபோது பதிவு இணையத்தில் ஏறியிருந்தது. அவர் ஹெட்போனைக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்திருந்தார். கூப்பிட்டாள். மூச்சு இல்லை.

மாஸ்டரின் சேர்ந்திசை வகுப்பு வாரத்துக்கு ஒரு மாலைதான். வருகிறவர்கள் எல்லாரும் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். ஒரு வாரம் கற்றதை மறுவாரத்துக்குள் சுத்தமாக மறந்துவிட்டு வந்து நின்றார்கள். அதனால் அவர் இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கி, ஒவ்வொரு குரலையும் தனித்தனியாகப் பாடி ஏற்றினார். வேகத்தைக் குறைத்துக் கேட்கலாம். கூடவே பாடி, அதைப் பதிந்து அவருக்கு அனுப்பலாம். முகச்சவரம் செய்துகொண்டே கேட்டுப் பதில் பேசி அனுப்புவார். "இந்த இடம் பிரமாதம், அடுத்த இடம் படுமோசம்" என்பார்.

அவர் போன பிறகு, வகுப்பில் கீபோர்டு வாசித்த பெண் பொறுப்பேற்றாள். பக்கத்தைத் திறக்கும் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டு வரலாம் என்று மாஸ்டரின் மனைவி ஒரு மாலை வகுப்புக்குப் போனாள். பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டாள்.

நான்காம் வரி வந்தது. முதல் இரண்டு குரல்காரர்களும் தடதடவென்று இறங்கிப் போய்விட, மூன்றாம் குரல்காரர்கள் மட்டும் மாடிப்படி நடுவில் சாவியைத் தேடுகிறவர்கள் மாதிரி நின்றுகொண்டிருந்தார்கள். பிறகு அவர்களும் ஒன்றாக இறங்கினார்கள்.

"ஏன் அங்க நிக்கிறீங்க? எழுதினதுல அப்படி இல்லையே" என்றாள் கீபோர்டுக்காரி.

"மாஸ்டர் அப்படித்தான் பாடியிருக்காரும்மா" என்றார் பல் டாக்டர். "அந்த இடத்தை மட்டும் எத்தனை தடவை கேட்டிருப்பேன். மழை வர்றதுக்கு முன்னாடி மேகம் நின்னு யோசிக்குது பாருங்க, அந்த பாவனை."

"பல்லைப் பிடுங்குறதுக்கு முன்னாடி நீங்க யோசிக்கிற மாதிரியா டாக்டர்?" என்றார் பேருந்து ஓட்டுநர்.

சிரிப்பு அடங்கியதும் தையல்காரி சொன்னாள்: "மாஸ்டர் கடைசியா பாடினது. மாத்த மனசு வரலை. பேசாம எல்லாருமே நின்னு பாடிடலாமே."

கீபோர்டுக்காரி யோசித்தாள். மேடையேற அதிக நாள் இல்லை. "சரி, எல்லாரும் நிக்கலாம்" என்று பென்சிலை எடுத்தாள்.

பின்வரிசையில் இருந்தவளுக்கு நெஞ்சு நிறைந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அவர் அவளைப் பார்த்து விழித்த அந்த நொடியை ஊரே எழுந்து நின்று பாடும். ஆனால் தப்பாகப் பழகிய ஒரு சுரத்தைக் கேட்டால் அவருக்குச் சோறு இறங்காது என்பதும் அவளுக்குத்தான் தெரியும்.

"அது மேகம் இல்ல" என்றாள். "பேட்டரி."

அன்று கதவருகே நடந்ததை முழுதாகச் சொன்னாள்.

"அப்போ இத்தனை நாளா பேட்டரிக்காகவா அக்கா மூச்சைப் பிடிச்சிட்டு நின்னோம்?" என்றார் ஓட்டுநர்.

முதலில் சிரித்தது அவள்தான். பிறகு அந்தக் கூடமே சிரித்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

எல்லாரும் கிளம்பிய பிறகு கீபோர்டுக்காரி அருகில் வந்தாள். "வேற பதிவு போடணும்கா. பழசு இருந்தா அதைத்தான் கேட்பாங்க."

"எடுத்துடும்மா. எனக்கு ஒரு பிரதி மட்டும் அனுப்பிடு. எங்க பதிவு பண்ணுவே?"

"எங்க வீட்ல குழந்தைங்க போடற கூச்சல்ல..."

"எங்க வீட்டுக்கு வா. அவரோட ரூம் சும்மாதான் இருக்கு."

அந்த ஞாயிற்றுக்கிழமையே கீபோர்டுக்காரி வந்தாள். கதவுக்கு வெளியே முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, அரிசியில் கல் பொறுக்கியபடி மாஸ்டரின் மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். நான்காம் வரி எங்கும் நிற்காமல் ஓடியது. எதிர்பார்த்த அளவுக்கு வலிக்கவில்லை. பாட்டு நன்றாகத்தான் இருந்தது.

மாலைக்குள் ஒவ்வொருவராகப் பாடி அனுப்பத் தொடங்கினார்கள். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்டார்கள். டாக்டர் நிற்கவில்லை. தையல்காரி நிற்கப் பார்த்து, சமாளித்துவிட்டாள். ஓட்டுநரின் பாட்டுக்குப் பின்னால் பேருந்தின் இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. வண்டியை அணைத்துவிட்டுப் பாடுங்கள் என்று மாஸ்டர் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தார். ஓட்டுநர் இன்னும் அணைக்கவில்லை.