மணி ஊமையான நேரங்கள்

பிடுங்கு, இதையும் பிடுங்கு... வைஃபை பெட்டியின் வயரை இழுத்ததும் செத்த கரப்பானின் கால் ஒன்று விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது, சீ, கழுவ நேரமில்லை, அந்த அறையில் அத்தை நான் சொன்னபடி அழைப்புப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கிறார், சமையலறையில் அதன் வயரில்லா மணி ஊமை. டிவி, ஸ்பீக்கர், மைக்ரோவேவ் எல்லாம் பிடுங்கியாயிற்று, இன்னும் எது இந்த வீட்டில் மூச்சு விடுகிறது? நேற்றும் இப்படித்தான், மணி ஒலிக்கவில்லை, அத்தை தானாகவே கழிப்பறைக்குப் போகப் பார்த்து விழுந்து, ஈரத்திலேயே கிடந்தார், சுவருக்கு இந்தப் பக்கம் நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன், பக்கவாதம் வந்த பிறகு அவர் குரல் கதவைத் தாண்டுவதில்லை. "எங்கம்மா செத்தாக்கூட உனக்குக் கேட்காதா?" என்றார் கணவர். நாத்தனார் போனில் ஒரு படி மேலே போனாள், "கேட்காம என்னடா, கேட்டும் போகல." அதற்குள் தீர்ப்பும் எழுதிவிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை அத்தையை முதியோர் இல்லத்தில் விடுவதாம், போகமாட்டேன் என்று அவர் அழுதது யாருக்கும் ஒரு பொருட்டில்லை, காரணம் என் செவிட்டுத்தனமாம்... கணவர் வீட்டில் இருந்தால் மட்டும் சனியன் பிடித்த மணி கணீரென்று ஒலிக்கிறதே, எப்படி?

மணி விற்ற கடைக்காரரைப் போனில் பிடித்தேன். "மணியில கோளாறு இல்லக்கா. பக்கத்துல வேற ஏதோ அலை அனுப்பிக்கிட்டு இருக்கு. அது கத்துற வரைக்கும் இது வாயத் திறக்காது. ரேடியோ இருந்தா ஸ்டேஷன் இல்லாத இடத்துல வெச்சு வீடு பூரா நடங்க, எங்க இரைச்சல் ஜாஸ்தியோ அங்க இருக்கான் திருடன்." நடந்தேன். கூடத்தில் லேசான முனகல், எங்கள் படுக்கையறையில் அதுவும் இல்லை, அவர் விட்டுப்போன ஈரத்துண்டின் புளித்த வாடை மட்டும்... அத்தையின் அறைக்குள் கால் வைத்ததும் ரேடியோ கர்ர்ரென்று எகிறியது. "என்னடி, ரேடியோவ இடுப்புல தூக்கிக்கிட்டு? பசிச்சு அழுதா?" என்றார் அத்தை, கோணிய வாயால். சிரிக்க வரவில்லை. கட்டிலருகே குறைந்தது, அலமாரியருகே குறைந்தது, மாமாவின் படத்துக்குக் கீழே அலறியது. போன மாதம் கணவரே புது மரச்சட்டம் போட்டு, அம்மா கண் முழிச்சா அப்பா முகம் தெரியணும் என்று கட்டிலுக்கு நேராக மாட்டிய படம்... திருப்பினேன். பின்னால் நெருப்புப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பொருள், அதற்கென்று தனி சிம், தனி பேட்டரி, சட்டத்தின் மூலையில் மிளகளவு கண்ணாடிக் கண். இதன் முன்னால்தானா தினமும் நான் அத்தைக்கு உடம்பு துடைத்தேன், புடவை மாற்றினேன், மலத்தட்டு வைத்து எடுத்தேன்? இந்தக் கையால்தானே இத்தனை வருடம் அந்த ஆளுக்குச் சோறு போட்டேன்...

கையில் போன் அதிர்ந்தது. அவர்தான். "ஏய், அப்பா போட்டோவை எதுக்குக் கழட்டற?"

ஆபீஸில் இருக்கிறார். பார்க்கிறார். இந்த நொடி பார்க்கிறார், இந்த நொடி மணி ஊமை. "நாள் பூரா ஓடுதா இது?" என்றேன், என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "எதுக்கு ஓடணும்? நான் பாக்கறப்ப மட்டும்தான். நாளைக்குச் சொந்தக்காரங்க கேட்டா காட்ட ஏதாவது வேணாமா? அக்காதான் சொன்னா." அப்படியென்றால் இவர் பார்த்தால் மணி சாகிறது, வீட்டுக்கு வந்தால் பிழைக்கிறது, இவர் கண்தான் அதன் தொண்டையை நெரித்திருக்கிறது, அப்படியென்றால் நேற்று... வேண்டாம், கேட்காதே... கேட்டுவிட்டேன்.

"நேத்து அத்தை விழுந்தப்ப?"

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது.

"பாத்துக்கிட்டுதான் இருந்தேன். நீ எப்ப வர்றேன்னு பாக்கலாம்னு இருந்தேன்."