சிவப்புக் கோட்டைத் தொடாத முள்

மாண்பும் மதிப்பும் மிக்க பொதுமக்களுக்குத் துறைமுக அலுவலகம் பெருமகிழ்வுடன் அறிவிப்பது யாதெனில்: எதிரே கடலில் புகைந்துகொண்டிருக்கும் எரிமலையினால் இந்நகருக்கு யாதொரு தீங்கும் நேராது. கடற்கரைச் சாலைக் கடைகள் வழக்கம்போல் திறந்திருக்கலாம்.

‘பெருமகிழ்வு’ இயக்குநர் சேர்த்தது. மலை புகைவதில் மனிதருக்கு என்ன மகிழ்ச்சி என்று அறிவிப்பாளருக்கு விளங்கவில்லை. சம்பளம் வாங்குகிற வாய், எழுதிக் கொடுத்ததை வாசித்தது. கம்பத்துக்குக் கம்பம் தொங்கிய ஒலிபெருக்கிகளில் அவள் குரல் சாலை நெடுக ஓடியது. அதே சாலையில்தான் அவள் புருஷன் சைக்கிள் கடை வைத்திருந்தான். உடனே போன் வந்தது.

“ஏண்டி, நெஜமாவே ஒண்ணும் ஆகாதா? பக்கத்துக் கடைக்காரன் சாத்திட்டுக் கெளம்பறான்.”

“அதான் மைக்ல சொன்னேன்ல.”

“சரி. வீட்டுலதான் நீ சொல்றத நான் கேக்கறதில்லேன்னு பேரு. ரோட்டுலயாவது கேக்கறேன்.”

அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், அவள் மைக்குக்குப் பக்கத்திலேயே, கண்ணாடிப் பெட்டிக்குள் நிலநடுக்கக் கருவி உட்கார்ந்திருந்தது. பூமி குலுங்கினால் முள் ஆடும். ஆடிச் சிவப்புக் கோட்டைத் தொட்டால் அபாயச் சங்கு ஊதலாம். தொடாமல் ஊதினால் வேலை போகும். குலுக்கமே இல்லாமல் ஒரு மலை சரிந்து கடலில் விழுந்தாலும் அலை எழும் என்பதை விதி எழுதிய பெரியவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

மத்தியானம் இடி போல ஒரு சத்தம். ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. அவள் எட்டிப் பார்த்தாள். புகை விலகிய இடத்தில் மலை பாதிதான் இருந்தது.

“சார், மலை சரிஞ்சு கடல்ல விழுந்துடுச்சு! சங்க ஊதுங்க!”

இயக்குநர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பெட்டிக்குள் குனிந்தார். “லேசாத்தான் துடிக்குது. கோட்டத் தொடலியேம்மா.”

“கடலைப் பாருங்க சார்!”

“பீதியக் கெளப்பாத. வேணும்னா ஒரு அறிவிப்பு எழுதறேன். ‘சற்றே விழிப்புடன்...’ ம்ஹும், ‘சற்றே’ வேணாம்.”

கீழே படகுகள் ஒவ்வொன்றாகச் சேற்றில் சாய்ந்தன. தண்ணீர் யாரோ உறிஞ்சுவதைப் போல் பின்வாங்கியது. சனங்கள் சிரித்துக்கொண்டே அதைப் படம் பிடிக்க இறங்கினார்கள். அவள் பாய்ந்து மைக்கைப் பிடித்தாள்.

“ஓடுங்க! எல்லாரும் மேட்டுக்கு ஓடுங்க! தண்ணி வருது! காலையில நான் படிச்சது பொய்!”

சாலை அண்ணாந்து கம்பத்தைப் பார்த்தது. செந்தமிழ் பேசியே பழகிய கம்பத்துக்கு என்ன கேடு வந்தது என்று நின்றது. யாரும் நகரவில்லை.

“ஏங்க, சைக்கிள் கடை! ஒங்களத்தான்! ஸ்பேனரக் கீழ போட்டுட்டு மேட்டுக்கு ஓடித் தொலைங்க! ஆயுசுல ஒரு தடவையாவது சொன்னதக் கேளுங்க!”

பெண்டாட்டி இப்படித் திட்டுவதை எந்த இயக்குநராலும் எழுதிக் கொடுக்க முடியாது என்று சாலைக்கு உறைத்தது. கூட்டம் மேட்டைப் பார்த்துப் பிய்த்துக்கொண்டு ஓடியது. கொஞ்ச நேரம் கழித்து ஒருவன் மட்டும் எதிர்த்திசையில், கடலோரமாகவே, அலுவலகத்தை நோக்கி வந்தான்.

“இங்க வராதீங்க! திரும்புங்க! நான் மாடியிலதான் இருக்கேன்!”

அவன் ‘இரு, வர்றேன்’ என்று கையாட்டினான். அவனுக்குப் பின்னால் தொடுவானம் தடித்தது. சாம்பல் நிறத்தில் எழுந்து நின்றது. அவள் மைக்கை விடவில்லை. மூச்சிரைப்பு மட்டும் எல்லாக் கம்பங்களிலும் கேட்டது.

இயக்குநர் எப்போதோ மொட்டை மாடிக்கு ஏறியிருந்தார். அதற்கு எந்தக் கோடு அனுமதி தந்ததோ தெரியாது.

அவள் படிக்கட்டுக்கு ஓடினாள். கீழே காலடிச் சத்தம், அதை விழுங்கும் இரைச்சல். திருப்பத்தில் அவன் தலை தெரிந்ததும் சட்டையைக் கொத்தாகப் பிடித்து மேலே இழுத்தாள். நாற்காலிகளையும் ஒரு கதவையும் சுழற்றிக்கொண்டு இரண்டாம் மாடி வரை வந்த தண்ணீர், அவர்கள் காலுக்குச் சில படிகள் கீழே நின்று உறுமியது.

“மேட்டுக்குப் போங்கன்னா இங்க ஏன் வந்தீங்க?”

“நீ இங்கதான இருக்க.” அவன் படியில் உட்கார்ந்தான். “அப்பவே வந்திருப்பேன். கடையைப் பூட்டறதுல லேட்டாயிடுச்சு.”

அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கடற்கரைச் சாலையே இல்லை.